படம் செய்தே படம் கற்றல்: அசைவூட்டக் கல்வியில் வகுப்புச் செயல்திட்டத்தின் வரலாறு - ஈஜிபுராவை முன்வைத்து

முன்னுரை

பெங்களூரு மாநகரின் தென்கிழக்கில், கோரமங்கலாவுக்கும் விவேக்நகருக்கும் டோம்லூருக்கும் இடையே அமைந்த பகுதி ஈஜிபுரா. சிற்றூராக இருந்து, நகரம் வளர வளர அதனுள் அடங்கிப்போன இடங்களுள் இதுவும் ஒன்று. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் ஒரே தெருவில் கேட்கும் உழைக்கும் மக்களின் குடியிருப்பு இது. இதனை ஒட்டிய கோரமங்கலா வட்டாரத்தில், 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் மென்பொருள் நிறுவனங்களோடு, அசைவூட்டமும் காணொளித் தயாரிப்பும் கற்பிக்கும் தனியார் பயிற்சி நிலையங்களும் பெருகின.

இப்பகுதியில் வாழும் மாணவர் ஒருவர் அத்தகைய வகுப்பில் சேர்ந்தால், தொடக்க வாரங்களிலேயே அவரிடம் ஒரு பணி ஒப்படைக்கப்படும். தரையில் விழுந்து எழும் ஒரு பந்தினை அவர் வரைந்து இயக்கிக் காட்ட வேண்டும். அதன்பின் ஓர் உருவத்தின் நடை. அதன்பின் இரு உருவங்களின் உரையாடல். இறுதியில் ஒரு முழுக் குறும்படம். பாடநூலைப் படித்துத் தேர்வெழுதுவதைக் காட்டிலும் ஒரு பொருளைச் செய்து முடிப்பதையே கல்வியாகக் கொள்ளும் இம்முறை 'வகுப்புச் செயல்திட்டம்' எனப்படுகிறது.

இம்முறை கணிப்பொறியோடு வந்த புதுமை என்று பலரும் கருதுகின்றனர். இந்திய அசைவூட்ட வரலாற்றை நோக்கின், அது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது என்பது புலனாகும். அவ்வரலாற்றைத் தொகுத்துரைப்பதும், முழுப்படம் ஒன்றைச் செய்து முடிக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

கலைச்சொல்லும் கருத்தும்

உயிரற்ற உருவத்தை அசையச் செய்யும் இக்கலையைக் குறிக்கத் தமிழில் 'அசைவூட்டம்', 'இயங்குபடம்', 'உயிர்ப்பூட்டல்' முதலிய சொற்கள் வழங்குகின்றன. பொதுமக்கள் வழக்கில் 'கார்ட்டூன்', 'அனிமேஷன்' என்பனவே நிலைபெற்றுள்ளன. இக்கட்டுரையில் 'அசைவூட்டம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. எனினும் அசைவு வேறு, உயிர்ப்பு வேறு என்னும் வேறுபாடு இத்துறையில் அடிப்படையானது. பட்டம் காற்றில் அசைகிறது. அது உயிருள்ளதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு சிறிய கோடு தயங்கி, திரும்பிப் பார்த்து, பின் நகர்ந்தால் அதற்கு மனம் இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம்.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு முன்பே அறிந்திருந்தது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (1020), கயிற்றால் இயக்கப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மருட்டுவதை வள்ளுவர் உவமையாக்குகிறார். டிஸ்னி நிறுவனத்தின் மூத்த கலைஞர்களான பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட, இன்றும் உலகெங்கும் பாடநூலாகப் பயிலப்படும் நூலின் பெயர் 'உயிர்ப்பின் மாயை' என்று பொருள்படும். காலத்தாலும் இடத்தாலும் தொடர்பற்ற இரு மரபுகள் ஒரே கருத்தைத் தொட்டிருப்பது நோக்கத்தக்கது. ஆனால் வள்ளுவர் அவ்வுவமையைப் பாராட்டாக ஆளவில்லை. உள்ளே நாணம் இல்லாதார் இயங்குவது வெறும் பாவையின் இயக்கமே என்று இகழ்வதற்கே ஆள்கிறார். இயக்கம் மட்டும் போதாது, உள்ளீடு வேண்டும் என்னும் இக்கருத்து அசைவூட்டக் கல்விக்கும் பொருந்துவது பின்னர் விளக்கப்பெறும்.

கூத்துக்களத்தில் முழுமை

திரைக்கு முன்னரே உருவங்களை அசைத்துக் கதை சொன்ன கலை தோற்பாவைக்கூத்து. மு. இராமசுவாமி, அ.கா. பெருமாள் முதலிய ஆய்வாளர்கள் தமிழகத் தோற்பாவைக்கூத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கர்நாடகத்தில் இதற்கு இணையானது 'தொகலு கொம்பெயாட்ட'. இக்கலையைக் குடும்பத்தாரே வழிவழியாகப் பயின்றனர். தோலைப் பதப்படுத்தல், உருவம் வரைந்து வெட்டல், வண்ணம் தீட்டல், திரைக்குப் பின் நின்று ஆட்டுதல், பல குரல்களில் பேசுதல், பாடுதல் ஆகிய அனைத்தையும் பிள்ளைகள் கூத்து நடக்கும் இடத்திலேயே கண்டும் செய்தும் கற்றனர்.

இக்குருகுல முறைக்கு ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு. கற்பவர் கலையின் எல்லாக் கூறுகளையும் அறிந்தார் என்பது சிறப்பு. அக்குடும்பத்தில் பிறவாதவர்க்கு அக்கலை எட்டாததாயிற்று என்பது குறை. முழுமையான பயிற்சி, அனைவர்க்கும் திறந்த வாயில் ஆகிய இரண்டும் ஒருங்கே அமைவது அரிது. பின்வந்த வரலாறும் இதனை உறுதிப்படுத்துகிறது.

தனிமுயற்சிக் காலம்

இந்தியத் திரையில் அசைவூட்டம் தனிமனிதர் முயற்சியாகவே தொடங்கியது. தாதாசாகேப் பால்கே 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்து ஒரு சிறு படத்தை உருவாக்கினார். 1930களில் கல்கத்தா, புனே, பம்பாய் ஆகிய இடங்களில் சில குறும்படங்கள் வெளிவந்தன. சென்னையில் ஜெமினி ஸ்டுடியோவின் ஓவியர் தாணு 1947இல் 'சினிமா கதம்பம்' என்னும் கேலிச்சித்திரப் படத்தை உருவாக்கினார். இவர்கள் ஒவ்வொருவரும் அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துத் தாமே கண்டறிந்து செய்தவர்கள். ஒருவர் கண்டறிந்த நுட்பம் அடுத்தவருக்குச் சென்று சேர வழியில்லை. கற்பிக்கும் களம் இல்லாத கலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

இதே காலத்தில் அமெரிக்காவில் நிலைமை மாறியிருந்தது. வால்ட் டிஸ்னி தம் கலைஞர்களை ஓவியப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கு அனுப்பினார். 1932இல் டான் கிரகாம் என்னும் ஓவிய ஆசிரியரைத் தம் படக்கூடத்திற்கே வரவழைத்து வகுப்புகள் நடத்தச் செய்தார். 1936இல் அப்படக்கூடத்தில் சேர்ந்து 'பாம்பி' (1942) உள்ளிட்ட படங்களில் பணியாற்றியவர் கிளேர் வீக்ஸ். இவர் இந்தியாவில் பணிபுரிந்த அமெரிக்க மதபோதகக் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய அசைவூட்டக் கல்வியின் முதல் வகுப்பறை இவர் வழியாகவே அமைந்தது.

முதல் வகுப்புச் செயல்திட்டம்: 'ஆலமர மான்'

நடுவண் அரசு 1948இல் பம்பாயில் நிறுவிய பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் தயாரித்து வந்தது. எழுத்தறியாத மக்களுக்கும் செய்தி சென்று சேர வேண்டும் என்ற நோக்கில், 1950களின் நடுப்பகுதியில் அதனுள் கேலிச்சித்திரப் படப்பிரிவு ஒன்று அமைக்கப்பெற்றது. அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் 1956இல் கிளேர் வீக்ஸ் பயிற்சியாளராக வந்தார்.

அவர்தம் பயிற்சி முறை குறிப்பிடத்தக்கது. பயிற்சியாளர்களைக்கொண்டு அவர் ஒரு முழுப்படத்தையே உருவாக்கினார். புத்த சாதகக் கதைகளுள் ஒன்றான ஆலமர மான் கதை அதற்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது. அரசனின் உணவுக்காக நாள்தோறும் ஒரு மான் முறைவைத்துக் கொல்லப்படுகிறது. சூல்கொண்ட பெண்மானின் முறை வந்தபோது மான்களின் தலைவன் தன் உயிரை அதற்கு ஈடாக அளிக்க முன்வருகிறது; அதைக் கண்ட அரசன் மனம் மாறுகிறான். 1957இல் உருவான இப்படம், பின்னர் எழுந்த இந்திய அசைவூட்டத்திற்கு அடித்தளமாக அமைந்தது. இது ஓர் அரசுத் தயாரிப்பு. கற்போர் கற்றுக்கொண்டே செய்து முடித்த படைப்பு என்னும் வகையில் இந்தியாவின் முதல் அசைவூட்ட வகுப்புச் செயல்திட்டம் இதுவே எனலாம்.

அவ்வகுப்பில் பயின்றவர்களுள் ஒருவர் ராம் மோகன் (1931-2019). சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்றவர். ஓவியக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். வரையும் ஆர்வம் ஒன்றையே தகுதியாகக்கொண்டு இப்பிரிவில் சேர்ந்தார். பிலிம்ஸ் டிவிஷனில் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவர், பின்னர் பிரசாத் புரொடக்ஷன்ஸின் அசைவூட்டப் பிரிவுக்குத் தலைமையேற்றார். 1972இல் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானியக் கலைஞர்களுடன் இணைந்து உருவாக்கிய 'இராமாயணம்' (1992) அவருக்கு உலகப்புகழை ஈட்டித் தந்தது. 2006இல் மும்பையில் ஒரு அசைவூட்டப் பள்ளியையும் அவர் நிறுவினார். மாணவராகத் தொடங்கியவர் ஆசிரியராக நிறைவுற்ற இவ்வாழ்க்கையை, முதல் செயல்திட்டத்தின் விளைவாகவே காண வேண்டியுள்ளது.

அப்படத்தில் ஒரு குறையும் உண்டு. அதன் மான்கள் 'பாம்பி' படத்து மான்களை நினைவூட்டுகின்றன. ஆசிரியரின் கைப்பழக்கம் மாணவர் படைப்பில் படிந்திருப்பதை இது காட்டுகிறது. ஆனால் அதே பிரிவிலிருந்து சில ஆண்டுகளுக்குள் இராஜஸ்தானி, பகாரி சிற்றோவிய மரபைத் தழுவிய 'ராதா கிருஷ்ணா' போன்ற படமும், பிரமோத் பதி இயக்கிய 'திஸ் அவர் இந்தியா' (1961) போன்ற எளிய கோட்டுருவப் படமும் வெளிவந்தன. முழுப்படம் ஒன்றைச் செய்து முடித்தவர்க்கே ஆசிரியரை விட்டு விலகும் துணிவும் வாய்க்கிறது என்பதற்கு இவை சான்றுகளாகும். பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. எனினும் அது தொடங்கிவைத்த பயிற்சிமுறை வேறு களங்களில் தொடர்ந்தது.

கல்விக்கொள்கையும் செயல்திட்டமும்

செய்து கற்றல் என்னும் கோட்பாடு அசைவூட்டத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் 'செயல்திட்ட முறை' பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற்றது. இந்தியாவில் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவாகக்கொண்டு மொழி, கணக்கு, அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்க முனைந்தது. இரண்டிற்கும் இடையே வேறுபாடு உண்டு. முன்னது மாணவரின் விருப்பத்தைத் தொடக்கமாகக் கொள்கிறது. பின்னது சமூகத்திற்குப் பயன்படும் பொருளைத் தொடக்கமாகக் கொள்கிறது. வகுப்புச் செயல்திட்டமாக ஒரு குறும்படம் செய்யும்போது இவ்விரு நோக்கங்களும் சந்திக்கின்றன. படம் மாணவரின் கற்பனையில் பிறக்கிறது. பார்ப்பவர்க்குப் புரிந்தால்தான் முடிவடைகிறது.

இக்கருத்தினை முறைப்படுத்திய நிறுவனம் அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் ஆகியோர் 1958இல் நடுவண் அரசுக்கு அளித்த அறிக்கை அதற்கு அடிப்படையாயிற்று. அங்குப் பயின்ற இஷு பட்டேல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் உலகப்புகழ் பெற்றார். 1980களில் அங்கு அசைவூட்டம் முறையான பாடப்பிரிவாக வளர்ந்தது. ஒவ்வொரு பாடத்தையும் ஒரு பயிற்சியாகவும், படிப்பின் நிறைவை ஒரு முழுப்படமாகவும் அமைத்தது இதன் தனித்தன்மை. அங்குக் கற்பித்த நீனா சப்னானி, கட்ச் பகுதிப் பெண்களின் துணித்தையல் கலையைக்கொண்டே 'டாங்கோ போலே சே' (2009) என்னும் படத்தை உருவாக்கினார். அப்பெண்களின் குரலே அப்படத்தின் கதையைச் சொல்கிறது. கிளேர் வீக்ஸின் வகுப்பில் ஆசிரியரின் கை மேலோங்கியது. இங்கு மக்களின் கையும் குரலும் படத்திற்குள் வந்தன. இருப்பினும் இந்நிறுவனத்தில் இடம்பெறுவோர் ஆண்டுதோறும் சிலரே. முழுமை கிடைத்தது, வாயில் குறுகியது.

பெங்களூரு: தொழிற்கூடமும் துண்டுப்பணியும்

வாயிலை அகலத் திறந்தது சந்தை. ஆப்டெக் நிறுவனத்தின் அரீனா பயிற்சி நிலையங்கள் 1996இல் தொடங்கப்பட்டன. தொடர்ந்து வேறு நிறுவனங்களும் கிளை பரப்பின. அதே 1996இல் பெங்களூருவில் சிருஷ்டி கலை வடிவமைப்புப் பள்ளி தோன்றியது. 2006இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தன் ஆய்வு வளாகத்தைப் பெங்களூருவில் அமைத்தது. 2012இல் கர்நாடக அரசு அசைவூட்டம், காட்சி விளைவு, விளையாட்டு, சித்திரக்கதை ஆகிய துறைகளுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களுள் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்தது கர்நாடகமே. 2017இலும் பின்னர் 2024இலும் அக்கொள்கை புதுப்பிக்கப்பெற்றது.

சென்னையும் இக்காலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. ஏவிஎம் தயாரித்த 'ராஜா சின்ன ரோஜா' (1989) நடிகர்களோடு கேலிச்சித்திர உருவங்களை ஆடவிட்டது. பெண்டாமீடியா நிறுவனம் 2000இல் உடலசைவுப் பதிவு முறையில் முழுநீளப் படம் தயாரித்தது. 'இனிமே நாங்கதான்' (2007), 'கோச்சடையான்' (2014) ஆகியன தமிழில் வந்த முப்பரிமாண முயற்சிகள்.

இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி அயல்நாட்டுப் படங்களுக்குச் செய்துதரும் ஒப்பந்தப்பணியைச் சார்ந்தது. அப்பணி பல துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒருவர் உருவத்தின் எல்லைக்கோட்டைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பார்; ஒருவர் கம்பிகளை அழிப்பார்; ஒருவர் ஒளியமைப்பார்; ஒருவர் அடுக்குகளை இணைப்பார். தான் செய்த காட்சி எந்தக் கதையின் எந்தத் திருப்பத்தில் வருகிறது என்பதை அறியாமலேயே பல மாதங்கள் ஒருவர் உழைக்கலாம். பயிற்சி நிலையங்களும் இத்தேவைக்கேற்பத் தம் பாடத்தை வகுத்தன. இதனால் செயல்திட்டம் என்பது பல இடங்களில் வேலைக்கான மாதிரிக் காட்சித்தொகுப்பாகச் சுருங்கியது.

துண்டுப்பணி இழிவானதன்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது. ஆனால் அதன் நிலையாமையைக் காலம் காட்டிவிட்டது. 2025 பிப்ரவரியில் டெக்னிக்கலர் குழுமம் நிதி நெருக்கடியால் முடங்கியபோது பெங்களூருவிலும் மும்பையிலும் இருந்த அதன் படக்கூடங்கள் மூடப்பட்டன. எல்லைக்கோடு பிரித்தல், கம்பி அழித்தல் போன்ற தனித்தனி வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் செய்யத் தொடங்கியுள்ளன. ஒரு துண்டை மட்டும் கற்றவர், அத்துண்டு மறைந்தால் எதைக்கொண்டு நிற்பார் என்னும் வினா இன்று கல்விக்கு உரிய வினாவாக எழுந்துள்ளது.

ஈஜிபுரா: கற்போரின் நிலம்

இவ்வினாவுக்கு விடை காணக் கற்போர் வாழும் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஈஜிபுராவில் 1990களின் தொடக்கத்தில் நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி ஏறத்தாழ 1,500 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. 2007இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தகரக் கொட்டகைகளில் தங்கிய மக்கள் 2013 ஜனவரியில் அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுள் தமிழ் பேசுவோர் கணிசமானோர். 2017இல் தொடங்கிய மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டு, வீதிகளைத் தூசியும் இரைச்சலுமாக்கியது.

இத்தகைய சூழலில் அசைவூட்டம் கற்க முனையும் மாணவருக்குத் தடைகள் மூன்று. முதலாவது கட்டணம். இரண்டாவது கருவி, முப்பரிமாணக் காட்சி ஒன்றைக் கணக்கிட்டு முடிக்கத் திறன்மிக்க கணிப்பொறி வேண்டும், அது வீட்டில் இருப்பதில்லை, எனவே வகுப்பு நேரத்திற்குள் பணியை முடிக்க வேண்டியதாகிறது. மூன்றாவது மொழி. பாடமும் மென்பொருளும் ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. பெங்களூருவில் தமிழ்வழிப் பள்ளிகள் அருகிவிட்ட நிலையில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமுமாக மாணவரின் மொழி பிரிந்து கிடக்கிறது.

எனினும் இத்தடைகளுக்கு எதிராக ஒரு வளமும் அவரிடம் உண்டு. அது அவர் நாள்தோறும் காணும் வாழ்க்கை. இதனைச் செயல்திட்டத்தின் படிநிலைகள் வழியே விளக்கலாம்.

செயல்திட்டத்தின் படிநிலைகள்

திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரு சட்டகங்களுக்கு நிறுத்தினால், 30 வினாடிப் படத்திற்கு 360 ஓவியங்கள் தேவை. இக்கணக்கே மாணவர் பெறும் முதற்பாடம். அளவறிந்து கதையைச் சுருக்க வேண்டும் என்பதை அது கற்பிக்கிறது.

பந்துப் பயிற்சியில் எடை கற்பிக்கப்படுகிறது. இரும்புக்குண்டும் இரப்பர்ப் பந்தும் ஒரே வட்டமாக வரையப்பட்டாலும், விழும் விரைவும் எழும் உயரமும் தரையில் அமுங்கும் அளவும் அவற்றை வேறுபடுத்துகின்றன. நடைப் பயிற்சியில் இது மேலும் நுட்பமாகிறது. தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் சுமந்து மாடிப்படி ஏறும் ஒரு பெண்ணின் நடையை எடுத்துக்கொள்ளலாம். குடம் இடப்பக்கம் இருந்தால் உடல் வலப்பக்கம் சாயும், வலக்கை சற்று விலகி நிற்கும், அடி குறுகும், படியில் கால் வைத்தபின் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கும். வெற்றுக் குடத்தோடு இறங்குகையில் இவை யாவும் மாறிவிடும். மென்பொருளில் இருக்கும் ஆயத்த நடைச்சுழற்சி இதனைத் தராது. குடிநீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில் வளர்ந்தவர்க்கு இது நன்கு தெரிந்த காட்சி. அக்காட்சியைக் கல்விக்கு உரிய பொருளாக மதிக்கும்போது, தடையாகத் தோன்றிய வாழ்க்கையே அவருக்கு மூலதனமாகிறது.

அடுத்து, குழுப்பணி. கதைக்கரு, கதைப்பலகை, ஒலித்தடம், முதன்மை ஓவியங்கள், இடைநிலை ஓவியங்கள், வண்ணம், தொகுப்பு என்று படம் பல நிலைகளைக் கடக்கிறது. நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவில் பணிகளைப் பகிர்ந்துகொண்டாலும், வகுப்புப் படத்தில் ஒவ்வொருவரும் எல்லா நிலைகளையும் அருகிருந்து காண்கின்றனர். கதைப்பலகையில் செய்த பிழை தொகுப்பு மேசையில் வெளிப்படும்போது, அப்பிழையை யார் எங்கே செய்தார் என்பது அனைவர்க்கும் தெரிகிறது. துண்டுப்பணியில் இக்கல்வி கிடைப்பதில்லை.

காணொளிப் பயிற்சியும் இவ்வாறே. தெருவோரத் தையல்காரரின் ஒருநாள் உழைப்பைப் படம்பிடிக்கும் மாணவர், ஒளியின் திசையையும் ஒலியின் தூய்மையையும் கவனிப்பதோடு, ஒருவரிடம் இசைவு பெற்று அவர் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பொறுப்பையும் கற்கிறார். மேம்பால இரைச்சலுக்கிடையே ஒருவரின் பேச்சைத் தெளிவாகப் பதிவு செய்வது எந்தப் பாடநூலும் தர இயலாத பட்டறிவு.

மொழியும் கதையும்

மேற்கூறிய படிநிலைகளுள் மொழிக்கு முதன்மை உள்ள இடம் கதைப்பலகைக்கு முந்தைய நிலை. கருவைப் பேசிப் பேசியே உருவாக்க வேண்டும். அப்பேச்சு தாய்மொழியில் நிகழும்போது நகைச்சுவையும் சொலவடையும் உறவுமுறைகளின் நுட்பமும் படத்திற்குள் வருகின்றன. ஆங்கிலத்தில் கதை சொல்லத் தடுமாறும் மாணவர், தமிழில் பாட்டியின் குரலைப் பேசிக் காட்டக்கூடும். உரையாடலுக்கேற்ப வாயசைவு அமைக்கும் பயிற்சியிலும் இது உண்மை. தமிழின் குறில், நெடில் வேறுபாடும் இரட்டித்து வரும் ஒற்றுகளும் வாயசைவின் கால அளவை மாற்றுகின்றன. 'பாடு' என்பதற்கும் 'பாட்டு' என்பதற்கும் உதடும் தாடையும் நிற்கும் நேரம் ஒன்றன்று. ஒலிப்பியல் கற்ற தமிழாய்வாளர்களும் அசைவூட்ட ஆசிரியர்களும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு இங்கு உள்ளது.

பொதுப்பள்ளியில் தாய்மொழிவழி இப்பயிற்சியை அளிக்க இயலுமா என்னும் ஐயத்திற்குக் கேரளம் விடை தந்துள்ளது. 2018இல் அம்மாநில அரசு தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' திட்டம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர் மன்றங்களை அமைத்து, மலையாளத்திலேயே அசைவூட்டமும் கணினிப் பயன்பாடும் கற்பிக்கிறது. கட்டணமற்ற கட்டற்ற மென்பொருள்களே அங்குக் கையாளப்படுகின்றன. இம்மென்பொருள்களின் வலிமையில் ஐயம் தேவையில்லை. 2002இல் கட்டற்ற மென்பொருளாக விடுவிக்கப்பட்ட பிளெண்டரைக்கொண்டு லாட்வியாவின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ', 2025இல் சிறந்த அசைவூட்டப் படத்திற்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அவர் தம் முந்தைய முழுநீளப் படமான 'அவே'யை (2019) ஏறத்தாழத் தனியொருவராகவே செய்து முடித்தவர். ஒரு படத்தின் எல்லா நிலைகளையும் கடந்து வந்தவரின் கையில் எளிய கருவியும் பெரும்பயன் தரும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. அசைவூட்டத்தை வகுப்புச் செயல்திட்டத்தின் வழிக் கற்பிக்கும் முறை இந்தியாவில் 1956-57இல், பயிற்சியாளர்கள் செய்து முடித்த 'ஆலமர மான்' படத்தோடு தொடங்கியது.

2. முழுப்படம் ஒன்றைச் செய்து முடித்தவர்களிடமிருந்தே அடுத்த தலைமுறைக் கலைஞர்களும் ஆசிரியர்களும் தோன்றினர்.

3. குருகுலத்திலும் தேசிய நிறுவனத்திலும் முழுமை இருந்தது, வாயில் குறுகியிருந்தது. தனியார் பயிற்சியில் வாயில் விரிந்தது, முழுமை சுருங்கியது.

4. ஈஜிபுரா போன்ற பகுதிகளின் மாணவர்க்கு முழுமையும் திறந்த வாயிலும் ஒருங்கே கிடைக்க வேண்டுமெனின், பொதுப்பள்ளியும் கட்டற்ற மென்பொருளும் தாய்மொழியும் இணைய வேண்டும். கேரளம் இதற்கு வழிகாட்டியுள்ளது.

5. கதை, ஒலிப்பு, கலைச்சொல் ஆகிய மூன்று நிலைகளிலும் தமிழ்த்துறைகளுக்கு இக்கல்வியில் பங்குண்டு. வெளிமாநிலத் தமிழ் மாணவர்க்கு இப்பங்களிப்பு இன்றியமையாதது.

கயிற்றால் இயங்கும் பாவையின் உவமையால் வள்ளுவர் உணர்த்தியது, உள்ளீடில்லா இயக்கத்தின் வெறுமையை. கருவிகள் இயக்கத்தை எளிதில் தரும் காலம் இது. அவ்வியக்கத்திற்கு உள்ளீடாக அமைவது, குடம் சுமந்து படியேறும் பெண் எந்தப் படியில் நின்று மூச்சு வாங்குவாள் என்று கண்டறிந்த கண். அக்கண்ணுடைய மாணவருக்கு 360 ஓவியங்களை வரைந்து முடிக்கும் வாய்ப்பைக் கொடுப்பதே அசைவூட்டக் கல்வியின் கடமையாகும்.